சுண்டைக்காய் கால் பணம்: ஆன்லைன் ஏலத்தில் ஷிப்பிங் கட்டணம் எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் ஏல நிறுவனம். அவர்களுடைய பட்டியலை ஆன்லைனில் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ‘லாட்’டில் (ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடும் தொகுப்பில்) கண் நின்றுவிட்டது: 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகள் இருபது, பெரும்பாலும் இந்தியப் பதிவுகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாய் படம் போட்ட லேபிளில் ‘தமிழ்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அப்புறம் எங்கே தூக்கம்? எனக்குப் போட்டியாக ஒரே ஒருவர்தான் கேட்டார், அவரும் சீக்கிரம் விலகிவிட்டார். 30 பவுண்டில் சுத்தியல் விழுந்தது. தட்டு ஒன்றுக்கு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. பழைய மூர் மார்க்கெட் விலையில் வாங்கிவிட்டதாக வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுநாள் பில் வந்தது. ஏலத்தொகை 30 பவுண்ட். அதன் மேல் 25 சதவீதம் ‘வாங்குபவர் பிரீமியம்’ (ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பிடிக்கும் கமிஷன்), அந்தப் பிரீமியத்துக்கு 20 சதவீதம் வாட் வரி, இரண்டும் சேர்ந்து 9 பவுண்ட். நேரில் வராமல் ஆன்லைனில் கேட்டதற்கு 5 சதவீதம், அதற்கும் வாட், 1 பவுண்ட் 80 பென்ஸ். ஆக 40.80. சரி, இதெல்லாம் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததுதான். படிக்காதது என் தப்பு. தூக்கிவாரிப் போட்டது கடைசி வரி. பார்சல் அனுப்பும் வசதி எங்களிடம் இல்லை, வெளியாள் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று ஒரு பார்சல் நிறுவனத்தின் முகவரி கொடுத்திருந்தார்கள். கேட்டேன். தட்டுகளைப் பொதிந்து, பெட்டியில் அடைத்து, சென்னைக்கு அனுப்ப 112 பவுண்ட்.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்களே, அதில் ஒன்றுக்கு மூன்றுதான். எனக்கு வந்தது கிட்டத்தட்ட ஒன்றுக்கு நான்கு.

இதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. தபால்தலை, நாணயம், பழைய கேமரா, பேனா, இசைத்தட்டு, தீப்பெட்டி லேபிள் என்று எதைச் சேர்ப்பவரானாலும் ஆன்லைன் ஏலத்தில் முதல் அடி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறது.

ஏலம் எந்த விலையைத் தீர்மானிக்கிறது?

ஊரில் நடக்கும் ஏலத்தில் பொருள் கண்முன் இருக்கும். ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ முடிந்ததும் பணத்தைக் கட்டி, பொருளைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். ஆன்லைன் ஏலத்தில் நாம் போட்டி போடுவது, பொருள் இப்போது கிடக்கிற இடத்தில் அதற்கு என்ன விலை என்பதற்கு மட்டும். அதை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது இரண்டாவது வியாபாரம். அந்த வியாபாரத்தில் விற்பவர் வேறு: தபால்துறை, கூரியர், பெட்டி கட்டுபவர், சுங்கம். அங்கே போட்டியும் கிடையாது, பேரமும் கிடையாது, சொன்னதுதான் விலை. முதல் வியாபாரத்தில் ஜெயித்த பிறகுதான் இரண்டாவது தொடங்குகிறது என்பதால், அப்போது நாம் பேரம் பேசும் நிலையிலும் இல்லை.

இந்த இரண்டு வியாபாரங்களையும் மனசு ஒன்றாகக் கூட்டிப் பார்க்காது. விற்பவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. தஞ்சிம் ஹுசைன், ஜான் மோர்கன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் ஈபே என்ற ஆன்லைன் ஏலத்தளத்தில் சிடிக்களையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் தாங்களே ஏலத்துக்கு விட்டார்கள். ஒரே சிடிதான். ஒரு ஏலத்தில் ஆரம்ப விலை 4 டாலர், ஷிப்பிங் இலவசம். இன்னொன்றில் ஆரம்ப விலை 1 சென்ட், ஷிப்பிங் 3.99 டாலர். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 1 சென்ட்டில் தொடங்கியதற்குத்தான் கேட்க ஆள் அதிகம் வந்தது, கடைசியில் மொத்தப் பணமும் அதிகம் கிடைத்தது. ஷிப்பிங்கைக் கண்ணை உறுத்தும் அளவுக்கு உயர்த்தியபோது சிடிக்களில் இந்தச் சாதகம் போய்விட்டது. அதாவது ஷிப்பிங் மிதமாக இருந்தால் நாம் கவனிப்பதில்லை.

ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கும் முன்பே வியாபாரிகள் செய்து பார்த்ததுதான் இது. 1995-இல் தொடங்கிய ஈபே, நெடுங்காலம் விற்பவரிடம் வாங்கிய கமிஷன் பொருள் விற்ற விலைக்கு மட்டும்தான். ஷிப்பிங்குக்குக் கமிஷன் இல்லை என்றால் விடுவார்களா? ஒரு சென்ட் பொருள், பத்து டாலர் ஷிப்பிங் என்று பட்டியலிடுகிறவர்கள் முளைத்தார்கள். 2011-இல் அமெரிக்க ஈபே ஷிப்பிங் தொகையையும் சேர்த்துக் கமிஷன் போட ஆரம்பித்ததும் அந்தத் தந்திரத்தில் லாபம் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பதிலாக இன்னொரு கணக்கு வந்து சேர்ந்தது. இன்று பெரும்பாலான பொருட்களுக்குக் கமிஷன் சுமார் 13 சதவீதம். தபால் செலவு 20 டாலர் ஆகிறது என்றால், விற்பவர் உங்களிடம் 20 டாலர் வாங்கினால் அதில் 13 சதவீதம் தளத்துக்குப் போய்விடும். கையைக் கடிக்காமல் இருக்க அவர் 23 டாலர் வாங்க வேண்டும். பார்சல் வந்ததும் மேலே ஒட்டியிருக்கும் தபால் கட்டணத்தைப் பார்த்து ‘மூணு டாலர் அடிச்சிட்டான்’ என்று கோபப்படுகிறோமே, அந்த மூன்று டாலர் பெரும்பாலும் அவருக்குப் போகவில்லை. அட்டைப்பெட்டி, பபிள் ராப், டேப், தபால் நிலையம் போய்வரும் நேரம் எல்லாம் இதற்கு மேல்.

கனமா, பருமனா?

புதிதாக வருபவர்களுக்கு அதிகம் புரியாதது இதுதான். கூரியர் நிறுவனங்கள் தராசில் காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. விமானத்தில் பஞ்சு மூட்டையும் இடத்தை அடைக்கும், இரும்புப் பெட்டியும் இடத்தை அடைக்கும். ஆகவே பெட்டி அடைக்கிற இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது பருமன் எடை. தராசு எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம்.

என் இசைத்தட்டுகளையே பார்க்கலாம். அரக்கினால் ஆன பழைய 78 தட்டு ஒவ்வொன்றும் இருநூறு கிராமுக்கு மேல். இருபதும் சேர்ந்து நான்கரை கிலோ. பின்னால் வந்த எல்.பி. தட்டு மாதிரி வளைந்து கொடுக்காது, கீழே விழுந்தால் அப்பளம்தான். அதனால் தட்டுக்குத் தட்டு அட்டை வைத்து, பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் பஞ்சணை போடவேண்டும். கட்டி முடித்தால் ஏழு கிலோ ஆகிவிடும். வெளிப்பெட்டி எல்லாப் பக்கமும் 35 சென்டிமீட்டர். 35 × 35 × 35 = 42,875. அதை 5000-ஆல் வகுத்தால் 8.6 கிலோ. கூரியர்கள் அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்துவார்கள் என்பதால் 9 கிலோ. நான்கரை கிலோ பாட்டுக்கு ஒன்பது கிலோ கூலி.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் எந்தப் பொருளில் அடி விழும் என்பது தானாகப் புரியும். தபால்தலையும் தீப்பெட்டி லேபிளும் பரவாயில்லை. அங்கே பிரச்சினை வேறு: பொருள் ஐம்பது ரூபாய், பின்தொடரும் எண்ணோடு (டிராக்கிங் நம்பர்) அனுப்பக் குறைந்தபட்சக் கட்டணம் அதைவிட அதிகம். இந்தியாவுக்குள்ளேயே இது கூடியிருக்கிறது. உள்நாட்டு ஏலக்காரர்கள் மலிவாக அனுப்பக் கைகொடுத்த ரிஜிஸ்டர் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். பொம்மைக் கார், பீங்கான், கண்ணாடிச் சட்டம் போட்ட ஓவியம், கடிகாரம் இவையெல்லாம் பருமனில் கொல்லும். ரவிவர்மா அச்சுப்படம் வாங்குகிறீர்களா? சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றி, படத்தை மட்டும் குழாயில் சுருட்டி அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பழைய தாள் சுருட்டினால் வெடிக்கும் நிலையில் இருந்தால் மட்டும் அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லலாம்.

நாணயம் தனி ரகம். சின்னதுதான், கனமும் இல்லை. ஆனால் சர்வதேசத் தபால் விதிப்படி நாணயம், பணத்தாள், விலையுயர்ந்த உலோகம் ஆகியவற்றைச் சாதாரணக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பக் கூடாது. பல கூரியர்களும் எடுக்க மாட்டார்கள். எடுக்கிற வழியில் இன்சூரன்ஸோடு அனுப்பும்போது, இருபது கிராம் நாணயத்துக்கு ஒரு கிலோ புத்தகத்தின் கூலி ஆகலாம்.

முன்பெல்லாம் அமெரிக்காவிலிருந்து கனமான பார்சலைக் கப்பல் தபாலில் மலிவாக அனுப்பச் சொல்லலாம். இரண்டு மாதம் ஆகும், ஆனாலும் வந்து சேரும். அமெரிக்க அஞ்சல்துறை 2007 மே மாதத்தில் வெளிநாட்டுக் கப்பல் தபாலை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே வானில்தான். பழைய சேகரிப்பாளர்கள் ‘அந்தக் காலத்துல’ என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஜப்பான் வழி இன்னொரு விதம். பழைய பைலட், செய்லர் மைப்பேனாக்களுக்கும் ஃபிலிம் கேமராக்களுக்கும் யாஹூ ஜப்பான் ஏலத்தளம் ஒரு சுரங்கம். ஆனால் அங்கே விற்பவர்களில் பெரும்பாலோர் ஜப்பானுக்குள் மட்டும்தான் அனுப்புவார்கள். பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகு நிறுவனங்கள் நமக்காக ஏலம் கேட்டு, தங்கள் கிடங்குக்கு வரவழைத்து, அங்கிருந்து அனுப்பும். ஆகவே பணம் பல இடங்களில் போகிறது: தரகுக் கட்டணம், விற்பவரிடமிருந்து கிடங்குக்கு உள்நாட்டுக் கூலி, கிடங்கிலிருந்து இந்தியாவுக்கு வெளிநாட்டுக் கூலி. ஏலப் பக்கத்தில் ‘ஷிப்பிங் இலவசம்’ என்று இருந்தால் அது கிடங்கு வரைக்கும்தான். எத்தனை பேர் இதில் விழுந்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், நானும் ஒருவன். மூன்று நான்கு பேனாவைக் கிடங்கில் சேர்த்துவைத்து ஒரே பெட்டியாக வரவழைத்தால்தான் கட்டுப்படியாகும். கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாட்களுக்கு ஒரு கெடு உண்டு, அது தாண்டினால் வாடகை.

ஏல நிறுவனங்களின் பிரீமியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஷிப்பிங் இல்லைதான், ஆனாலும் பில்லில் அதோடு சேர்ந்தே வந்து அதிர்ச்சி தரும். லண்டனில் கிறிஸ்டீஸ், சாதபீஸ் என்ற இரு பெரிய ஏல நிறுவனங்கள் 1975-இல் 10 சதவீதமாகத் தொடங்கிவைத்த வழக்கம் இது. ஊர்ப்புற நிறுவனங்களே இன்று 20, 25 என்று வாங்குகின்றன. இவர்களில் பலர் பொருளைக் கொண்டுபோக ஒரு வாரம், பத்து நாள் கெடு வைத்து, அதற்குப் பிறகு வைப்புக் கூலியும் போடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் வண்டியோடு வந்து ஏற்றிப்போவதை நினைத்து ஏற்பட்ட முறை. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருவன் போனைப் பார்த்துக் கேட்பான் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

வாசலில் கேட்கும் பணம்

ஷிப்பிங் கட்டியாயிற்று, பார்சல் சென்னைக்கும் வந்தாயிற்று. அப்போது கூரியரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். சிலர் இதைப் பார்த்து மோசடி என்று அழித்துவிடுகிறார்கள். மோசடிச் செய்திகளும் உலவுவதால் அது நியாயம்தான். செய்தியில் உள்ள லிங்கைத் தொடாமல், பார்சல் எண்ணைக் கூரியரின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். உண்மையாக இருந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள், பிறகு சுங்கத்தீர்வை. சான்றைத் தாமதமாகக் கொடுத்தால் கிடங்கு வாடகையும் சேரலாம்.

தீர்வை பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. பொருளின் விலை, வழிக்கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டிய தொகைதான் அடிப்படை. அதாவது ஷிப்பிங்குக்கும் வரி கட்டுகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதலாக ஒரு விதி உண்டு: விமானத்தில் வரும் பொருளுக்கு, வழிக்கூலி எவ்வளவு ஆகியிருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. என் கணக்கில் 112 பவுண்ட் முழுவதையும் சேர்க்க முடியாது, சுமார் 8 பவுண்டைத்தான் சேர்க்கலாம். இதனால்தான் பில்லில் பொருள் விலையும் ஷிப்பிங்கும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதி அனுப்பினால் முழுத்தொகையும் பொருளின் விலை என்றே ஆகிவிடும். தீர்வைக்கு மேல் சமூக நலக் கூடுதல் வரி சேரலாம், அதற்கும் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.). விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் எண் எதையும் இங்கே எழுதவில்லை. வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். நமக்காகத் தீர்வையை முன்பணமாகக் கட்டியதற்குக் கூரியர் ஒரு கட்டணம் வாங்கும். தபாலில் வந்தால் இந்த வகைக் கட்டணம் குறைவு. அவசரமில்லாத சின்னப் பொருளுக்கு நான் தபாலைத்தான் கேட்பேன்.

‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பட்டுமா?’ என்று சில விற்பனையாளர்கள் அன்பாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொய்யான அறிக்கை என்பது ஒருபுறம். அந்தச் சலுகையே இந்தியாவில் 2019 டிசம்பரில் போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விலக்கு மிஞ்சியது. விலையைக் குறைத்து எழுதினாலும் வம்புதான். வழியில் உடைந்தாலோ தொலைந்தாலோ எழுதிய தொகைக்குத்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் காலம் மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1-இல் நின்றது. அமெரிக்காவில் 800 டாலர் வரை தீர்வை இல்லாமல் வந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் நின்றது. நியூஜெர்சியில் உட்கார்ந்து சென்னையிலிருந்து பழைய பொருள் வரவழைப்பவரும் இனி இந்தக் கணக்கைப் போடவேண்டும்.

கேட்பதற்கு முன்னால்

ஒரே ஒரு பழக்கம் போதும்: கணக்கைப் பின்னாலிருந்து போடுவது. வீட்டு வாசலில் இந்தப் பொருளுக்கு நான் தரத் தயாராக உள்ள மொத்தத் தொகை என்ன என்பதை முதலில் எழுதிவிடுங்கள். 6,000 ரூபாய் என்று வையுங்கள். ஷிப்பிங் 2,400. தீர்வை, கூரியர் கட்டணம், வெளிநாட்டுப் பணத்துக்குக் கார்டு பிடிக்கும் கூடுதல் தொகை எல்லாவற்றுக்கும் 1,200 ஒதுக்குங்கள். மிச்சம் 2,400. ஏலத்தில் நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை அதுதான். நான் சொன்னது போன்ற பிரீமியம் வாங்கும் நிறுவனமாக இருந்தால், 30 பவுண்ட் 40.80 ஆனதை நினைவில் வைத்து, அந்த 2,400-ஐ 1.36-ஆல் வகுங்கள். சுமார் 1,760. இதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். கடைசி முப்பது விநாடியில் கை பரபரக்கும், அப்போது எழுதிவைத்த தாளை இன்னொரு முறை பாருங்கள்.

இந்தக் கணக்குக்கு ஷிப்பிங் தொகை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஈபேயில் உங்கள் நாட்டையும் பின்கோடையும் போட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘விற்பவரிடம் கேட்கவும்’ என்று இருந்தால் கேட்காமல் தொடாதீர்கள். ஷிப்பிங் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பொத்தாம்பொதுவாகப் பதில் வரும். கட்டி முடித்த பிறகு எடை எவ்வளவு, பெட்டி என்ன அளவு, தபாலா கூரியரா, பின்தொடரும் எண் உண்டா என்று கேளுங்கள். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறவர் பெரும்பாலும் ஒழுங்காகவே கட்டியும் அனுப்புவார். அவரிடம் இரண்டு மூன்று பொருள் எடுக்கப் போகிறீர்கள் என்றால், எடுத்தவுடன் பணம் கட்டாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில் கேளுங்கள். தனித்தனியாகப் பணம் கட்டிவிட்டால் ஒவ்வொன்றும் தனிப் பெட்டியாகக் கிளம்பிவிடும். ஆனால் ‘எப்படியும் பெட்டி வருகிறது, இதையும் போட்டுவிடலாம்’ என்று தேவையில்லாததை எடுப்பதும் இதே வியாதிதான். என் அலமாரியில் பாதி அப்படி வந்தது.

ஜெயித்த பிறகு ‘ஷிப்பிங்கைக் கவனிக்கவில்லை’ என்று பின்வாங்க முடியுமா? ஈபேயில் ஏலம் முடிவதற்கு முன்பேகூட, கேட்ட விலையைத் திரும்பப் பெறச் சில காரணங்களைத்தான் ஒப்புக்கொள்வார்கள்: தொகையைத் தவறாகத் தட்டிவிட்டது, விற்பவர் விவரத்தை மாற்றியது, விற்பவரைத் தொடர்புகொள்ள முடியாதது. ஷிப்பிங் அதில் இல்லை. அதே மாதிரி, பட்டியலில் ஒரு தொகை போட்டுவிட்டு, ஏலம் முடிந்ததும் ‘செலவு கூடிவிட்டது, இன்னும் பத்து டாலர் அனுப்பு’ என்று விற்பவரும் கேட்கக் கூடாது. கேட்டால் தராதீர்கள், தளத்திடம் சொல்லுங்கள். பொருள் விவரத்துக்கு மாறாக இருந்து திருப்பி அனுப்பினால் கட்டிய ஷிப்பிங்கும் சேர்ந்து திரும்பக் கிடைக்கும். மனம் மாறித் திருப்பினால் முதலில் கட்டிய ஷிப்பிங் பொதுவாக வராது.

என் இசைத்தட்டுகள் என்னவாயின என்றால், 112 பவுண்ட் கட்ட மனசு வரவில்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கும் சித்தி பையனுக்குப் போன் போட்டேன். ‘அண்ணே, அதுக்கு ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டணும்’ என்று சொல்லிக்கொண்டே போய் எடுத்துவந்துவிட்டான். பெட்ரோல் காசு வாங்க மறுத்துவிட்டதால் அவனுக்குப் பொங்கலுக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்பினேன். அந்தப் பார்சலுக்கு ஆன செலவை இங்கே எழுதவில்லை. தட்டுகள் அவன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. யாராவது ஊருக்கு வரும்போது கைப்பையில் நான்கு நான்காக வருகின்றன. இதுவரை பன்னிரண்டு வந்திருக்கிறது. அதில் ஒன்று ‘தமிழ்’ என்று போட்டது, ஊசியை வைத்தால் முதல் இரண்டு நிமிடம் வெறும் கரகரப்பு.